பாத்துப் பண்ணு

பிப்ரவரி 21

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

செவ்வாய்க்கிழமை காலை நான் போன விமானம் நடுவானில் கல் விழுவதுபோலக் கீழே இறங்கி, பிறகு நிமிர்ந்தது. யாருக்கும் அடியில்லை. என் சட்டையில் ஒரு கோப்பை காப்பி, பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு கோப்பை, அவ்வளவுதான் சேதாரம். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத மனிதர், அந்தப் பத்து விநாடி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தரையில் இறங்கியதும் மறுபடி தெரியாதவர் ஆகிவிட்டார்.

நீ நலமா? மாப்பிள்ளையும் சின்னதும் சுகமா? உன் அண்ணிக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. மூன்று நாளாக உனக்குப் போன் போடுகிறேன். நேற்று மாப்பிள்ளைதான் எடுத்தார். "அவ போன்ல பேச மாட்டேங்கிறா மச்சான், லெட்டரா எழுதுங்க" என்றார். கொட்டேஷன் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவன் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

போன காரியம் பழம். பிஸ்கட் கம்பெனிக்கு இரண்டு வருஷத்துக்கு அட்டைப்பெட்டி முழுவதும் நம்முடையதுதான். கொள்முதல் மேலாளர் பதினோரு மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்புகிறவர். விமானம் ஒன்பது நிமிஷம் முன்னதாக இறங்கியதால்தான் ஆளைப் பிடித்தேன். அன்று காலை ஏறும்போது உனக்கு மெசேஜ் போட்டேனே, "உன் வானத்துலதான் வரேன், பதினொண்ணுக்கு ஆள் கிளம்பிடுவான், பாத்துப் பண்ணு" என்று. பத்தொன்பது வருஷமாகத் திரையைப் பார்த்து ஊரார் விமானத்துக்கெல்லாம் வழி சொல்கிறாய். அண்ணனுக்கு ஒரு தடவை பண்ணிவிட்டாய் போலிருக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிடு. பதில் போடு.

உன் அண்ணன்

*

மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணியை மாடிப்படி ஏறவிடாதீர்கள். போனில் என்னால் பேச முடியவில்லை, அதனால்தான் கடிதம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் விமானம் என் திரையில்தான் இருந்தது. இரண்டு விமானங்களுக்கு நடுவே பக்கவாட்டில் ஒன்பது கிலோமீட்டராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலும் கீழும் ஆயிரம் அடி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். அன்று இரண்டுமே இல்லாமல் போயிற்று. எண்ணூறு மீட்டர், இருநூறு அடி. விமானத்துக்குள் இருக்கும் கருவி விமானியிடம் கீழே இறங்கச் சொல்லியிருக்கிறது. அவர் இறங்கினார். நான் ஒன்றும் செய்யவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

சுற்றுப் பாதையில் வர வேண்டிய உங்கள் விமானத்துக்கு நான் நேர்வழி கொடுத்தேன். எல்லோரும் தினமும் கொடுப்பதுதான். நேர்வழியில் வந்தால் இன்னொரு விமானத்தின் குறுக்கே சீக்கிரம் வரும் என்பதைப் பார்க்கத் தவறிவிட்டேன். விசாரணை நடக்கிறது. திரையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஏன் நேர்வழி கொடுத்தாய் என்று கேட்டார்கள். போக்குவரத்து குறைவாக இருந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காப்பி சுட்டுவிட்டதா? எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்?

அன்புடன்
பாப்பா

*

மார்ச் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அண்ணியிடம் காட்டவில்லை.

வலது பக்கம், ஜன்னலோரம். கீழே இறங்கும்போது வெளியே வெள்ளையாக ஒன்று போனது. மேகம் என்று நினைத்துக்கொண்டேன். மேகத்துக்கு வால் கிடையாது, வாலில் சிவப்புப் பட்டை கிடையாது என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. எண்ணூறு மீட்டர் நல்ல தூரம்தானே என்று முதலில் தேற்றிக்கொண்டேன். நம் கிடங்கிலிருந்து பேருந்து நிலையம் அவ்வளவு இருக்கும். பிறகு நம் கணக்கரிடம் விமான வேகத்தைச் சொல்லிக் கணக்குப் போடச் சொன்னேன். இரண்டும் எதிரெதிரே என்றால் இரண்டு விநாடிகூட இல்லை என்றார். "எதுக்கு முதலாளி இந்தக் கணக்கு?" என்று கேட்டார். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது என்றேன். எனக்குப் பேரன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பாப்பா, பழைய அட்டையைத் தெருத் தெருவாகப் பொறுக்கி விற்று மேலே வந்தவன் நான். பெட்டியைத் தட்டினால் உள்ளே என்ன இல்லை என்று சொல்லிவிடுவேன். போக்குவரத்து குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். என் மெசேஜைப் பற்றி அவர்களிடமும் சொல்லவில்லை, எனக்கும் எழுதவில்லை. புரிந்துகொண்டேன்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் யாருக்கோ என்பதுபோல விசாரித்தேன். கவனக்குறைவு என்றால் மறுபயிற்சி கொடுத்துத் திரும்ப உட்கார வைப்பார்களாம். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று தெரிந்தால் உரிமம் போய்விடும், வழக்கும் வரலாம். நான் என் போனில் இருந்ததை அழித்துவிட்டேன். நீயும் அழித்துவிடு. பத்தொன்பது வருஷத்து உழைப்பு, ஒரு வரியில் போகக் கூடாது.

மனதைத் தளரவிடாதே.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் முழங்கால் தேவலையா? சின்னதுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. உங்கள் மெசேஜைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

போன வாரம் அன்றைய பதிவைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நான் இன்னொரு விமானத்துக்குச் சாவகாசமாக வானிலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் குரல் அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. அறையில் இருந்த ஐந்து பேரும் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தார்கள்.

ஒவ்வொரு திரைக்கும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் விமானிகளோடு பேசுவார். பக்கத்தில் இருப்பவர், எது எப்போது எதற்குக் குறுக்கே வரும் என்று முன்கூட்டிக் கணக்குப் பார்த்துச் சொல்வார். அன்று என் பக்கத்தில் இருந்தவர் கணக்கு வாத்தியார். அது நாங்கள் வைத்த பெயர். எதையும் விரல்விட்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது. "அந்த ரெண்டையும் பாரும்மா" என்று என்னிடம் சொன்னதாக அவர் சொல்கிறார். ரேடியோவில் பேசுவது மட்டும்தான் பதிவாகும். அறைக்குள் நாங்கள் பேசிக்கொள்வது பதிவாகாது.

அவர் எச்சரித்தாரா என்று என்னைக் கேட்கப் போகிறார்கள். எச்சரித்தார் என்றால், சொல்லியும் ஏன் கேட்கவில்லை, அந்த விமானத்தின் மேல் அப்படி என்ன அக்கறை என்று அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால் தப்பில் பாதி அவர் தலையில் விழும். பதினெட்டாம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள்.

அன்புடன்
பாப்பா

*

ஏப்ரல் 7

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உடனே எழுதுகிறேன், பதினெட்டுக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும்.

இல்லை என்று சொல்லாதே, அது பொய். ஆமாம் என்றும் சொல்லாதே, அது தற்கொலை. நினைவில்லை என்று சொல். கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைப்பது மாதிரிதான் அது. பதற்றத்தில் மறந்துபோவது மனித இயல்பு, எந்த விசாரணை அதிகாரியும் ஏற்றுக்கொள்வார். சரக்கு நனைந்து போய்ச் சேர்ந்தால், ஏற்றும்போது மழை பெய்ததா என்று வாங்கினவன் கேட்பான். "ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லியே பாதி வியாபாரத்தைக் காப்பாற்றியவன் சொல்கிறேன்.

அவர் நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு எழுதாதே. தெரியாமல் இருந்தால்தான் நான் தெளிவாக யோசிக்க முடியும்.

அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் போகிறவர். உனக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீங்கள் எழுதியபடியே சொன்னேன்.

பாப்பா

*

மே 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒன்றரை வரியில் கடிதம் எழுதினால் எப்படி? தபால்காரர்கூட உறையைத் தூக்கிப் பார்த்து, "உள்ள ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார். உன் உடம்பு எப்படி? மாப்பிள்ளையிடம் பேசினேன். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு எண்கள் சொல்கிறாயாம்.

இங்கே அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உன் மார்ச் மாதக் கடிதத்தை என் சட்டைப்பையில் பார்த்திருக்கிறாள். "உங்களுக்கு ஒம்பது நிமிஷம் அவ்வளவு பெரிசாப் போச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தட்டில் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை.

பிஸ்கட் பெட்டிகள் முதல் லோடு போய்விட்டது. அது விஷயமாக இன்னொரு தடவை அங்கே போக வேண்டியிருந்தது. விமான டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, பெட்டியைப் போட்டுவிட்டு, கடைசி வாசலில் எல்லோரும் உள்ளே போகிற வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் எழுந்துகொள்ளவில்லை. எனக்காக இறக்கிய பெட்டியை வாங்கிக்கொண்டு ரயிலில் போனேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது.

நடந்தது நடந்துவிட்டது. பயிற்சிக்கு எப்போது கூப்பிடுகிறார்கள் என்று எழுது.

உன் அண்ணன்

*

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அண்ணியிடம், அவர்கள் பேசாமல் இருப்பது நியாயம்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் வேளைக்கு மாத்திரை போடுங்கள்.

நீங்கள் எழுத வேண்டாம் என்றதை எழுதுகிறேன். அவர் சொன்னார். "அந்த ரெண்டையும் பாரும்மா, குறுக்க வருது" என்று, விரலால் திரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். "தெரியும் சார்" என்றேன். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவேயில்லை. அந்த நேரத்தில் உங்கள் விமானம் எத்தனை மணிக்கு இறங்கும், நீங்கள் எத்தனை மணிக்கு டாக்சியில் ஏறுவீர்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் படிப்புக் கட்டணம் கட்டுவதற்காக நீங்கள் அட்டை பொறுக்கிய கைகள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி. நேர்வழி கொடுத்துவிட்டு நான்கு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். பதிவில் என் குரல் அத்தனை நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். இதை யாரிடம் சொல்ல முடியும்?

பாத்துப் பண்ணு என்றால் உங்கள் தொழிலில் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடு என்று அர்த்தம். என் தொழிலில் அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள அர்த்தம் வேறு. நான் உங்கள் தொழிலின் அர்த்தத்தில் செய்தேன். இரண்டு விமானத்திலும் சேர்த்து முன்னூற்று முப்பத்தொரு பேர்.

நினைவில்லை என்று நான் சொன்னதும் வாத்தியாரைத் திரையிலிருந்து எடுத்துப் பழைய காகித அறையில் போட்டுவிட்டார்கள். எச்சரிக்காமல் இருந்துவிட்டு, எச்சரித்ததாகக் கதை சொல்கிறார் என்று பேச்சு. போன வாரம் படிக்கட்டில் எதிரே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "நீ மறந்திருக்க மாட்டேம்மா. நல்ல ஞாபகசக்தி உனக்கு. நான்தான் சொல்லணும்னு நினைச்சு, சொல்லாம விட்டுட்டேனோ என்னமோ. இப்பல்லாம் அடுப்பை அணைச்சேனான்னுகூட மூணு தடவை போய்ப் பாக்கறேன்" என்றார். கை விரலை எண்ணவில்லை. எண்ணுவதையே விட்டுவிட்டார்.

அவருடைய வேலையை மட்டும் எடுத்திருந்தால் பரவாயில்லை. அவருடைய புத்தியை எடுத்துவிட்டேன் அண்ணா.

உங்கள் மெசேஜ் என் போனில் அப்படியே இருக்கிறது. பதினாறாம் தேதி திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் போய் அதைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உரிமம் போகட்டும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

பாப்பா

*

ஜூன் 17

அண்ணனுக்கு,

அண்ணி நலமா? நான் எழுதியதற்கு நீங்கள் பதில் போடவில்லை. இப்படி ஒன்றை எழுதினால் உடனே பதில் போடுகிறவர் நீங்கள். வராதபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நேற்றுப் போனேன். போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். சனிக்கிழமைத் தேதி. "நான் எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை, என் கவனக்குறைவு, விருப்ப ஓய்வுக்குச் சம்மதிக்கிறேன்" என்று வாத்தியார் கையெழுத்துப் போட்டிருந்தார். கோப்பை மூடிவிட்டார்களாம்.

அது பொய் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீங்க இப்ப வேற மாதிரி சொன்னா, அவர் பொய் எழுதிக் குடுத்தவர் ஆயிடுவார். பென்ஷன் நின்னுபோகும். யோசிச்சுக்கங்க" என்றார். என் போனை என் பக்கமே தள்ளி வைத்தார்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுபயிற்சி நாளை தொடங்குகிறது. ஜூலை ஒன்றாம் தேதி திரையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு கையில் இருக்கிறது. சின்னது கேக் வாங்கச் சொல்கிறது. என்னால் உட்காரவும் முடியாது, உட்காராமல் இருந்தால் ஏன் என்று சொல்லவும் முடியாது.

அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

பாப்பா

*

ஜூன் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி நலம். நான் நலம் என்று எழுத வரவில்லை.

கேட்டுவிட்டாய், மறைக்காமல் சொல்கிறேன். உன் கடிதம் ஏழாம் தேதி கிடைத்தது. கம்பெனிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு அன்றே ரயில் ஏறினேன். பதில் எழுதினால் நீ மறுப்பாய் என்று தெரியும். நீ உண்மையைச் சொன்னால் உன் வாழ்க்கை முடிந்துவிடும் என்பது மட்டும்தான் அப்போது என் புத்தியில் இருந்தது.

உன் ஆபீஸ் வாசலில் விசாரித்து வாத்தியார் வீட்டைக் கண்டுபிடித்தேன், மூன்றாவது மாடி. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்தார். தனி ஆள். நாற்காலியில் இருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார். நான் யார் என்று சொன்னேன். மெசேஜ் போட்டவன் நான்தான் என்றும் சொன்னேன். சண்டைக்கு வருவார், அதிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம் என்று கணக்கு வைத்திருந்தேன். அவர் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனால் பென்ஷன் தாமதமாகும், ஒப்புக்கொண்டால் முழுசாகக் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அதே சம்பளத்தில் நம் கம்பெனியில் கணக்குப் பார்க்க வரச் சொன்னேன். "பெட்டியை எண்ணவா? எண்ணிட்டு, எண்ணினேனான்னு சந்தேகம் வந்தா என்ன பண்றது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை பாப்பா. "நீங்க சொன்னீங்கய்யா. அவளே எனக்கு எழுதியிருக்கா" என்று உடைத்துவிட்டேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்க வியாபாரி. கையெழுத்து வேணும்னா என்ன வேணாலும் சொல்லுவீங்க" என்றார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லி ஒரு பொருளை விற்கப் பார்த்தேன், வாங்க ஆள் இல்லை. கடிதத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், வேண்டாம் என்றுவிட்டார்.

நான் எழுந்து கிளம்பிவிட்டேன், அதுவும் உண்மை. வாசல் வரை வந்தவர் தானாகத்தான் பேச்சை எடுத்தார். உன் ஒருத்திக்காவது அந்த நாற்காலி மிஞ்சட்டும் என்றார். பணம் வேண்டாம், வேலை வேண்டாம் என்றார். கேட்டது வேறு. விலையைக் கேட்டு எனக்குக் கூசியது அன்றைக்குத்தான்.

பேசி முடித்தது இது. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், கொடுத்துவிட்டார். நீ ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். நடந்ததைப் பற்றி அவரும் நீயும் நானும் இனி எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு நீ தனியாக அவர் வீட்டுக்குப் போய், "நீங்க சொன்னீங்க சார், என் காதுல விழுந்துது" என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்